வார்டு முழுக்க வலி இரண்டு

போன மாதம் என் இடது மணிக்கட்டு உடைந்தது. வீரசாகசம் எதுவும் இல்லை. துணி உலர்த்தும் கொடியை எட்டிப் பிடிக்கப் போய், பிளாஸ்டிக் ஸ்டூல் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தி. நகரில் ஓர் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்து, ஸ்குரூ முடுக்கி, தைத்து அனுப்பினார்கள். விசாரித்து எழுதிய வாசகர்களுக்கு நன்றி. வலது கை நன்றாகவே இருக்கிறது. அதனால் இந்தப் பத்தியிலிருந்து உங்களுக்கு விடுதலை கிடையாது!

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலை, ஒரு சின்ன வயது சிஸ்டர் வந்தார்.

"மேடம், வலி எவ்ளோ இருக்கு? ஜீரோல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து பதில் வந்தது. "ஏழு."

என் கணவர்.

"சார், பேஷன்ட்தான் சொல்லணும்..."

"அவ குறைச்சுதான் சொல்லுவா. நீங்க ஏழுன்னே போட்டுக்கோங்கோ. அவ புருவத்தைப் பாருங்கோ, தெரியும்."

சிஸ்டர் என் புருவத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். கையில் இருந்த சார்ட்டில் என்ன எழுதினாரோ, கால் மணி நேரத்தில் ஊசி வந்துவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வலி ஏழுதான். ஆனால் நான் 'மூணு' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. வலிக்கிறது என்று முழுசாகச் சொல்ல நம்மில் பலருக்கு ஏதோ கூச்சம் இருக்கிறது. பந்தியில் இன்னொரு வடை கேட்பது மாதிரி.

புது வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இவரை இந்தப் பத்தியில் 'இன்ஸ்பெக்டர்' என்று குறிப்பிடுவதுதான் என் வழக்கம். போலீஸ் இல்லை. கடைகளில் தராசு, எடைக்கல், மீட்டர் கோல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று சோதித்து முத்திரை போடும் இன்ஸ்பெக்டர். தி. நகர் ஜவுளிக்கடை, நகைக்கடை, மயிலாப்பூர் மளிகைக்கடை... இவர் உள்ளே நுழைந்தால் கல்லாவில் இருப்பவர் எழுந்து நிற்பார். ரிடையர் ஆகியும் சட்டைப் பையில் ஒரு ஸ்டீல் டேப் இருக்கும். நான் ரவிக்கைத் துணி வாங்கினால், கடைக்காரர் அளந்து முடித்ததும் இவர் ஒரு தரம் அளப்பார். நான் நாலடி தள்ளிப் போய், இவர் யாரோ எவரோ என்கிற மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அளவில் ஒரு நூல் குறைந்தாலும் பொறுக்காத இந்த மனிதர், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை தெரிந்தே குறைத்து அளந்து கொடுத்தார். கொடுக்க வைத்தவள் நான். இத்தனை வருடமாக இதை எழுதவில்லை. வெட்கம்தான் காரணம். ஸ்டூலிலிருந்து விழுந்து கை உடைத்துக்கொண்டதையே ஊரறியச் சொல்லியாகிவிட்டது. இனிமேல் என்ன?

முதல் லாக்டவுன் நேரம். தெருவில் காக்கா சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள். இன்ஸ்பெக்டர் ஒரு வாரமாக "கேஸ்... கேஸ்..." என்று சொல்லி, பெருங்காயம் போட்ட மோரைக் குடித்துக்கொண்டிருந்தார். அது கேஸ் இல்லை. பித்தப்பை. ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே வாஷ்பேசினைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். அடையாறில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். உள்ளே சீழ் கட்டிவிட்டது, இன்றைக்கே எடுக்க வேண்டும் என்றார் சர்ஜன். மூன்று ஓட்டை போட்டு கேமரா விட்டுச் செய்ய முடியாதா என்று கேட்டேன். அதற்கு வயிற்றுக்குள் காற்று அடைக்க வேண்டும், அந்தக் காற்று வழியே கொரோனா பரவுமோ என்று அப்போது எல்லா இடத்திலும் ஒரு பயம். அதனால் பழைய முறைதான் — விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்து.

ஸ்வாப் எடுத்தார்கள். அவசர ஆபரேஷனுக்கு மட்டும் உடனே ரிசல்ட் சொல்லும் ஒரு மெஷின் இருந்தது. நெகட்டிவ். ஆபரேஷன் உண்டு, ஆனால் கூட ஆள் இருக்கக் கூடாது என்றார்கள். ஒருவர்கூடக் கூடாது.

என்னைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். வீல் சேரில் அவர் போனார். ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் வலிக்கும் என்பதால் பார்க்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அப்போது என் மேல் ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் கணவனும் மனைவியுமாக டாக்டரிடம் போனால் யார் பேசுகிறார்கள்? டாக்டர் அவரிடம் கேட்பார்: "சொல்லுங்க சார், என்ன பண்ணுது?" அவர், "ஒண்ணுமில்ல டாக்டர், சும்மா..." என்பார். உடனே பக்கத்து நாற்காலி ஆரம்பிக்கும். "சும்மாவா? மூணு நாளா சாப்பாடு இறங்கலை டாக்டர். இந்தப் பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியலை. கேட்டா வாயே திறக்க மாட்டார்!" வலி ஒருத்தருக்கு, அதைச் சொல்வது இன்னொருத்தர். நம் குடும்பங்களில் இந்த வேலைப் பங்கீடு எப்போது முடிவானதோ தெரியாது, ஆனால் கனகச்சிதமாக நடந்துவருகிறது. டாக்டர்களுக்கும் இது தெரியும். அவரிடம் கேட்டுவிட்டு அவர் மனைவியின் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

கொரோனா காலத்தில் அந்தப் பக்கத்து நாற்காலியை எடுத்துவிட்டார்கள். யார் மேலும் தப்பில்லை. வேறு வழியும் இல்லை. ஆனால் பேஷன்ட்டில் பாதி கேட்டுக்கு வெளியே நின்றது.

நானும் நின்றேன். ஆபரேஷன் முடிந்தது, நன்றாக இருக்கிறார் என்று போனில் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார்கள். யாரால் முடியும்? மந்தைவெளியிலிருந்து என் பழைய ஸ்கூட்டியில், பாலத்தருகே போலீஸிடம் பாஸைக் காட்டிக் காட்டி, தினமும் காலையில் போய் அந்த நடைபாதையில் உட்கார்ந்துவிடுவேன். போலீஸ்காரர் மூன்றாம் நாள் பாஸையே பார்க்கவில்லை. "சாருக்கு எப்டி கீதும்மா?" என்று கேட்டுவிட்டு விட்டார்.

கேட் வாசலுக்கென்று ஒரு நடைமுறை இருந்தது. நாம் கொண்டுவரும் பையில் டேப் ஒட்டி பேர், வார்டு, பெட் நம்பர் எழுத வேண்டும். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் வார்டு அம்மா வந்து டிராலியில் அள்ளிப் போவார். அதற்காகக் காத்திருக்கும் நாங்கள் ஒரு பத்துப் பேர். ஆறடி தள்ளித் தள்ளி உட்கார்ந்து, சத்தம் போட்டுப் பேசி, ஒரே நாளில் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம்.

அங்கேதான் சாரதா அறிமுகம். கோடம்பாக்கம். கணவர் சினிமாவில் லைட்மேன். ஷூட்டிங் எல்லாம் நின்று வீட்டில் இருந்தபோது குடல்வால் வெடித்து, எங்களுக்கு ஒரு நாள் முன்னால் வந்து சேர்ந்தவர்கள். ஒரு நாள் சீனியர் என்பதால் சாரதாவுக்கு எல்லாம் தெரியும்.

"உங்க ஊட்டுக்காரு கைல இன்னா சொல்லிக் குட்த்தீங்க?" என்றார்.

"என்ன சொல்லணும்?"

"அய்யே... உள்ள நர்ஸு வந்து நம்பர் கேப்பாங்கோ, வலி எம்மாம் கீதுன்னு. நாலு, அஞ்சுன்னு சொன்னாரு வெச்சுக்கோ, ஊசி போட்டு இன்னும் ரெண்டு நாளு குந்த வெச்சிருவாங்கோ. உள்ள குந்திக்கினே இருந்தா இன்னா வரும்? கொரோனாதான் வரும். ரெண்டுன்னு சொல்லச் சொல்லுக்கா."

"ஜீரோன்னு சொன்னா இன்னும் சீக்கிரம் விட மாட்டாங்களா?"

சாரதா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வவுத்தக் கீசினு ஜீரோன்னா எவன் நம்புவான்? ரெண்டுதான் கரீக்ட்டு."

நாலு புத்தகம் எழுதியவள் நான். வாரா வாரம் உங்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறவள். இந்த லாஜிக்கில் ஒரு சின்ன ஓட்டைகூட அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி என்றாலே நோய் உட்கார்ந்திருக்கும் இடம் என்றுதான் எங்கள் எல்லோர் மனதிலும் இருந்தது. எப்படியாவது அவரை வெளியே இழுத்துவிட வேண்டும். வேறு எதுவும் தோன்றவில்லை.

திங்கள் சாயங்காலமே போன் போட்டேன். "ஏன்னா, சிஸ்டர் வந்து வலி எவ்வளவுன்னு கேட்டா ரெண்டுன்னு சொல்லிடுங்கோ. நாலு, அஞ்சுன்னு சொல்லாதீங்கோ. அப்பதான் சீக்கிரம் ஆத்துக்கு அனுப்புவா."

மயக்கம் இன்னும் முழுசாகத் தெளியாத குரல்.

"ரெண்டா?" என்றார்.

"ரெண்டு."

"சரி."

முப்பத்தொரு வருட தாம்பத்தியத்தில் நான் சொன்னதை எதிர்வாதம் இல்லாமல் ஒத்துக்கொள்கிறவரா இவர்? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அதோடு நின்றேனா? செவ்வாய்க்கிழமை புதிதாக வந்து சேர்ந்த இரண்டு பெண்களுக்கு, சாரதாவை விடத் தெளிவாக, நானே இந்த யோசனையை எடுத்துச் சொன்னேன். ஒருவர் ராஜா அண்ணாமலைபுரம், இன்னொருவர் வேளச்சேரி. "ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றார்கள். பெருமையாக இருந்தது.

புதன்கிழமை, காலை பத்தே முக்கால் இருக்கும். நடைபாதையிலிருந்து வீடியோ கால் போட்டேன். மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண் மட்டும் தெரிந்தது. மாஸ்க் போட்ட முகத்தில் என்னத்தைக் கண்டுபிடிப்பது? "எப்படி இருக்கு?" என்றேன். "நன்னா இருக்கு" என்றார். "சாப்ட்டேளா?" "ம்." "நீ சாப்ட்டியோ?" "ஆச்சு." இதற்கு மேல் பேச்சு இல்லை. சும்மா இருக்க வேண்டாமே என்று ஊர்க்கதை பேசினேன்.

"காலம்பற வாசல்ல காய் வண்டி வந்துதுன்னா. கத்திரிக்கா வாங்கினேன். வண்டியில தராசே இல்லை தெரியுமோ? கையால தூக்கிப் பார்த்து, அரை கிலோ இருக்கும் மாமின்னு பையில போட்டுட்டான்."

அவர் கண் ஒரு தரம் மூடித் திறந்தது.

"சரி... பரவால்ல, விடு."

போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனேன்.

தராசே இல்லாமல் காய் விற்றான் என்று சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் 'பரவாயில்லை' என்கிறார்! மற்ற நாளாக இருந்தால் அந்த வண்டிக்காரர் எந்தத் தெருவுக்குப் போனார், எந்தப் பக்கம் திரும்பினார் என்று கேட்டு, என்னையும் நாலு வார்த்தை சொல்லி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார். சண்டை போடவும் தெம்பு இல்லாத அளவுக்கு ஒரு மனிதனுக்கு என்ன நடக்கிறது?

"ஏன்னா, நிஜமா சொல்லுங்கோ. வலிக்கறதா?"

"ரெண்டு" என்றார். அவ்வளவுதான். போனைத் தலையணையில் சாய்த்துவிட்டார் போல. வார்டின் ஃபேன் மட்டும் தெரிந்தது.

நர்ஸ்கள் டெஸ்க்கில் இருக்கும் மொபைலுக்குப் போன் போட்டேன். எங்கேஜ்டு. மறுபடியும். மறுபடியும். எட்டாவது தரம் எடுத்தார்கள். ஜாஸ்மின் சிஸ்டர். அந்த வார்டில் பகல் டியூட்டி அவர்தான். கவச உடைக்குள்ளிருந்து பேசுவதால் குரல் பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி வரும்.

"மேடம், நானே உங்களுக்குக் கூப்பிடணும்னு இருந்தேன். சாருக்கு லேசா காய்ச்சல் இருக்கு. ஆக்ஸிஜன் தொண்ணூத்து ரெண்டுலயே நிக்குது. டாக்டர் அவரை சந்தேக வார்டுக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. மறுபடி ஸ்வாப் எடுப்பாங்க."

சந்தேக வார்டு என்றால் என்ன என்று அப்போது எங்கள் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சல், மூச்சுத் திணறல் என்று வருகிற எல்லோரையும் ரிசல்ட் வரும்வரை வைத்திருக்கும் ஹால். ரிசல்ட் வர ஒரு நாளும் ஆகும், இரண்டு நாளும் ஆகும். அதுவரை நிஜமாகவே நோய் இருப்பவர்களும் அங்கேதான், இல்லாதவர்களும் அங்கேதான். வயிறு கிழித்து மூன்றாம் நாள், அறுபத்திரண்டு வயது, சர்க்கரை வேறு. அங்கே போனால் இல்லாத நோயும் வந்துவிடும். வந்தால்... அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

"சிஸ்டர், அவருக்கு வலி ஜாஸ்தியா இருக்கு. அதான்..."

"இல்லையே மேடம். காலைலயும் நான் கேட்டேன். ரெண்டுன்னுதான் சொன்னாங்க. சார்ட்ல எழுதிருக்கேன். நேத்தும் ரெண்டு. முந்தாநேத்தும் ரெண்டு. டிரிப்ஸ்ல சாதா பாரசிட்டமால் போயிட்டிருக்கு. நாலுக்கு மேல சொன்னாத்தான் ஸ்ட்ராங் ஊசி."

சொல்லித்தானே ஆக வேண்டும்? நடைபாதையில் எழுந்து நின்றேன். எழுந்து நிற்கத் தேவையே இல்லை, போன்தான். ஆனாலும் நின்றேன்.

"சிஸ்டர்... அவரை ரெண்டுன்னு சொல்லச் சொன்னது நான்தான். சீக்கிரம் வீட்டுக்கு விடுவீங்கன்னு. நான் சொல்லிக் குடுத்தேன். என்னை மன்னிச்சுக்கோங்க. அவருக்கு ரெண்டு இல்லை."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் நின்றேன்.

"மேடம்..." என்றார் மெதுவாக. "இந்த வார்டுல எல்லாருமே ரெண்டுதான் மேடம்."

"என்ன?"

"பத்தொன்பது பெட். எல்லாருக்கும் ரெண்டு. குடல்வால், ஹெர்னியா, திரைக்கு அந்தப் பக்கம் லேடீஸ் சைடுல கர்ப்பப்பை எடுத்தவங்க, எல்லாரும் ரெண்டு. நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன், நம்ம டாக்டருங்க கை அவ்ளோ நல்லாவா போச்சுன்னு."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்துதான் வந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பெண் செய்ததை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். லைனை கட் பண்ணாமல், போனைக் கையில் பிடித்தபடியே அவர் பெட்டுக்கு நடந்து போனார். எனக்கு எல்லாம் கேட்டது. நம்பர் கேட்கவில்லை. "சார், ஒரு தரம் நல்லா இருமுங்க" என்றார்.

ஒரு சத்தம் வந்தது. அது இருமல் இல்லை. இருமலை ஆரம்பித்துவிட்டு, பாதியிலேயே கையைக் கொடுத்து அமுக்கிப் பிடித்த சத்தம். அதற்குப் பின்னாலேயே ஒரு "அம்மா..." நான் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அதற்கு முன் கேட்டதில்லை.

"புரிஞ்சுது சார். இருங்க, வரேன்" என்றார் ஜாஸ்மின் சிஸ்டர்.

பத்து நிமிஷத்தில் சர்ஜனே எனக்குப் போன் செய்தார். கோபமாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் விளக்கினார். விலாவுக்குக் கீழே கிழித்திருக்கும்போது வலி அடங்கவில்லை என்றால் ஆள் ஆழமாக மூச்சு விட மாட்டாராம். மேலோட்டமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். இரும மாட்டார். எழுந்து நடக்க மாட்டார். நுரையீரலின் அடிப்பக்கம் காற்றே போகாமல் சுருங்கிக்கொள்ளும், சளி கட்டும். ஆக்ஸிஜன் இறங்கும், காய்ச்சலும் வரலாம்.

"இந்த நேரத்துல இது ரெண்டும் வந்தா நாங்க எதைம்மா முதல்ல சந்தேகப்படுவோம்?" என்றார். "வலி ரெண்டுன்னு சார்ட் சொல்லுது. அப்போ காரணம் வேற என்னன்னுதானே பார்ப்போம்?"

"இப்போ என்ன டாக்டர் பண்றது?"

"ஸ்வாப் எடுத்துடறேன். இதுவும் கோவிடா இருக்கலாம், இல்லைன்னு நான் சொல்லலை. ஆனா வலியை முதல்ல அடக்கறேன். மயக்க டாக்டர் வந்து விலாவுக்குக் கீழ மரத்துப்போற ஊசி போடுவார். அப்புறம் மூச்சுப் பயிற்சி. மூணு மணி வரைக்கும் டைம் தரேன். அவரை பெட்டைச் சுத்தித் திரையைப் போட்டு தனியா வைக்கறோம். ஆக்ஸிஜன் ஏறினா இங்கயே இருப்பார். ஏறலைன்னா மாத்தித்தான் ஆகணும். மத்த பேஷன்ட்டையும் நான் பார்க்கணும்."

நியாயம்தான். மூன்று மணி.

அப்போது மணி பதினொன்றரை. சும்மா இருக்க முடியவில்லை. நான் செய்துவைத்த வேலையை நான்தானே திருப்ப வேண்டும்? நடைபாதையில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். என் மாதிரி ஆளுக்கு நாலு பேர் முன்னால் தப்பை ஒத்துக்கொள்வது லேசில் வராது. அன்றைக்கு வந்தது. "ரெண்டுன்னு சொல்லச் சொன்னது தப்பு. வலிச்சா வலிக்கறதுன்னு சொல்லச் சொல்லுங்கோ. இல்லைன்னா மூச்சு போயிடும்!" என்று கொஞ்சம் கூட்டியே சொன்னேன்.

வேளச்சேரிப் பெண் உடனே அழ ஆரம்பித்துவிட்டாள். உள்ளே அவள் அம்மா. சாரதா மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"யோவ். வலிக்குதா?"

"இல்லடி. ரெண்டு."

"ரெண்டு கெடக்குது வுடு. நெசத்த சொல்லு. வலிக்குதா இல்லியா?"

அந்தப் பக்கம் இழுத்து இழுத்து மூச்சு விடும் சத்தம்.

"...உசுரு போவுதுடி."

"அத்த நர்சு கைல சொல்லுய்யா, லூசு!" என்று கத்திவிட்டு, சாரதா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் ஆறடி இடைவெளியை மறந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். செக்யூரிட்டி பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மூன்றேகால் மணி நேரத்தை எப்படித் தள்ளினேன் என்று கேட்காதீர்கள். சாமி, வேண்டுதல் எல்லாம் உண்டு. அதைவிட அதிகமாக என்னை நானே திட்டிக்கொண்டேன். இவ்வளவு வருடம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இவருக்காகப் பேசிப் பேசி, இவர் தானாக வாய் திறந்து சொல்லும் பழக்கத்தையே கெடுத்துவைத்தேன். கடைசியில் பேச வேண்டிய ஒரே இடத்தில் பொய்யை எழுதிக் கொடுத்து அனுப்பினேன். மற்ற யார் செய்திருந்தாலும் இந்தப் பத்தியில் கிழி கிழியென்று கிழித்திருப்பேன்.

இரண்டே முக்காலுக்குப் போன் வந்தது. வீடியோ. பிடித்திருப்பது ஜாஸ்மின் சிஸ்டர் என்று பானைக் குரலை வைத்துத் தெரிந்துகொண்டேன். இன்ஸ்பெக்டர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மாஸ்க் இல்லை. வாயில் ஒரு குழாய். அது ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குப் போகிறது. பெட்டியில் மூன்று அறை, அறைக்கு ஒரு பந்து. மூச்சை உள்ளே இழுத்தால் பந்து எழும்ப வேண்டும்.

"காலைல ஒரு பந்துகூட அசையலை மேடம். இப்பப் பாருங்க. இழுங்க சார்... நல்லா... இன்னும்..."

ஒரு பந்து மேலே போய் ஒட்டிக்கொண்டது. இரண்டாவது பாதி தூரம் ஏறி, நடுங்கி, அதுவும் போய் ஒட்டியது. மூன்றாவது கிடந்த இடத்தில் கிடந்தது. போதாதா? எனக்கு இரண்டு பந்து போதும்.

"ஆக்ஸிஜன் தொண்ணூத்தஞ்சு மேடம். டாக்டர் மாத்த வேணாம்னு சொல்லிட்டாங்க."

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பேசாமல் இருந்தது இன்ஸ்பெக்டருக்குப் பயத்தைக் கொடுத்திருக்க வேண்டும். குழாயை எடுத்துவிட்டு, "என்னடி, லைன்ல இருக்கியா?" என்றார்.

"இருக்கேன். இப்போ எவ்வளவுன்னா?"

"மூணு. இது நிஜ மூணு."

"காலம்பற?"

"எட்டு. இருமினா ஒம்பது."

வியாழன் சாயங்காலம் ஸ்வாப் ரிசல்ட் வந்தது. நெகட்டிவ். சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதாவது, வலியை மறைத்தால் சீக்கிரம் வரலாம் என்று நாங்கள் போட்ட கணக்கில், மூன்று நாள் வீணாகி தாமதமாகத்தான் வந்தார். சாரதா வீட்டுக்காரரும் அதே வாரம் வீடு திரும்பினார். ராஜா அண்ணாமலைபுரத்துப் பெண்ணைப் பிறகு பார்க்கவில்லை. நல்லபடியாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்ய?

அந்த ஆஸ்பத்திரி சார்ட்டுகள் எங்காவது ஒரு அலமாரியில் இருக்கும். கொரோனா சமயத்தில் ஆபரேஷன் ஆனவர்களுக்கு வலி எப்படி இருந்தது என்று பிற்காலத்தில் யாராவது புரட்டிப் பார்க்கலாம். பார்த்தால் அசந்துபோவார்கள். பத்தொன்பது பெட், எல்லாருக்கும் வலி இரண்டு! சென்னைக்காரர்களுக்கு இரும்பு உடம்பு என்று முடிவு கட்டிவிடுவார்கள். கேட் வாசலில் பத்துப் பெண்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த நம்பர் அது என்று எந்த சார்ட்டிலும் இருக்காது. நம்பர் மேல் எனக்கிருந்த மரியாதையே அதோடு போயிற்று. இருமச் சொன்ன அந்த சிஸ்டர் மேல் இருக்கிற மரியாதை மட்டும் அப்படியே இருக்கிறது.

இன்னும் ஒன்று பாக்கி. வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருக்கும். இன்ஸ்பெக்டர் ஹாலில் நடை பழகிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு ஆறவில்லை. கேட்டுவிட்டேன்.

"ஏன்னா, கல்யாணம் ஆனதுலேர்ந்து நான் சொன்ன எதையாவது கேட்டிருக்கேளா? அன்னிக்கு மட்டும் ஏன் கேட்டேள்? எட்டு வலியை வெச்சுண்டு எதுக்கு ரெண்டுன்னு சொன்னேள்? சீக்கிரம் ஆத்துக்கு வரணும்னா?"

நடப்பதை நிறுத்தினார். ரூம் பக்கம் திரும்பப் பார்த்தார். நான் விடவில்லை.

"என் பெட்டுக்குப் பக்கத்துல ஜன்னல்" என்றார். "அங்கேர்ந்து பார்த்தா கேட் தெரியும். நீ அந்த வெயில்ல, நடைபாதையில, தலைல துண்டைப் போட்டுண்டு உக்காந்திருந்தே. எட்டுன்னு சொன்னா இன்னும் நாலு நாள் அங்கேயே உக்காந்திருப்பே... அதான்."

சொல்லிவிட்டு மறுபடி நடக்க ஆரம்பித்தார்.

அந்த நாட்களில் வெயில் எனக்கு உறைக்கவே இல்லை. இதைக் கேட்டபோதுதான் வலித்தது.

எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்.